கையாலயே ஏறின நட்டு

இல்ல சார், இது பஞ்சர் இல்ல. பஞ்சர்னா ஒரு டயர் போகும். முன்னாடி ரெண்டும் ஒரே நேரத்துல இப்படி மட்டமாப் படுத்திருக்குன்னா, அது ஆணி குத்தினதா இருக்காது. யாரோ வேலை பாத்திருக்காங்க. ஆமா சார், ஆஸ்பத்திரி வாசல்னுகூடப் பாக்கல. நீங்க திட்டறது நியாயந்தான். நல்லாத் திட்டுங்க. நீங்க உள்ள போயிட்டு வந்த பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கான்னா தொழில் தெரிஞ்ச பயலாத்தான் இருக்கணும்.

ஸ்டெப்னிய இறக்காதீங்க சார். ஒன்னுதான வச்சிருப்பீங்க? ரெண்டு கால்லயும் செருப்பு இல்லாதவனுக்கு ஒத்தச் செருப்பக் குடுத்தா என்ன பண்ணுவான், கையிலதான் தூக்கிட்டு நடக்கணும். ஜாக்கியும் வேணாம். சார்... சார், ஜாக்கியக் கீழ வைங்க! வண்டியத் தூக்காதீங்க, கைய எடுங்க மொதல்ல!

மன்னிச்சுக்கங்க. சத்தம் போட்டுட்டேன். அந்த நர்ஸம்மாகூட நின்னு பாத்துட்டுப் போறாங்க. காரணம் இருக்கு, சொல்றேன். நானும் மெக்கானிக்குதான் சார், சும்மா குறுக்க வந்து நாட்டாமை பண்றவன் இல்ல. நகக்கண்ணப் பாருங்க, இந்தக் கருப்பு என் கல்யாணத்தன்னிக்கே போகல, போட்டோவுல அப்படியே விழுந்திருக்கு. ஆளுக்குச் சொல்லிட்டேன், இப்ப வந்துடுவான். ஒரு அரை மணி நேரம். அதுவரைக்கும் இந்த நெழல்ல நில்லுங்க.



உள்ள யாரு சார், உடம்பு சரியில்லாதவங்களா? அட, பிரசவமா! நல்ல சேதி, நல்ல சேதி. உங்க பொண்ணுக்கா. என்ன கொழந்த? பேத்தியா! ரொம்ப சந்தோஷம் சார். இன்னிக்குத்தான் வீட்டுக்கு அனுப்பறாங்களா.

எத்தனாவது நாள்? அஞ்சா.

அஞ்சு நாள் கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு இந்த வண்டியிலயா சார் மலை இறங்கப் போறீங்க? இல்ல, ஒன்னுமில்ல. சும்மாத்தான் கேட்டேன். கொஞ்சம் இந்தத் திண்டுல உக்காந்துக்கறேனே. நீங்களும் உக்காருங்க.

உங்க பையன் வண்டின்னு பாத்தாலே தெரியுது சார். உங்க வயசுக்காரங்க யாரும் வண்டிய இப்படித் தரையோட ஒட்ட வச்சு ஓட்ட மாட்டாங்க. ஏறி உக்காந்தா முட்டி தாடையில இடிக்குமே. இறங்கறதுக்கு ரெண்டு ஆள் கை குடுக்கணும். சிரிக்கறீங்க, நெஜந்தான? பையன் வேலைக்கு வெளியூர் போயிருக்காரு, உங்க வண்டி சர்வீஸ்ல இருக்கு, சரி இன்னிக்கு ஒரு நாளைக்கு இதுல போயிட்டு வந்துடலாம்னு எடுத்துட்டு வந்துட்டீங்க. புரியுது. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க. பையனுக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா? ஸ்விட்ச் ஆஃபா. ஆமா, அப்படித்தான்... அப்படித்தான் இருக்கும், வேலையில இருப்பாரு.

மேல ஏறி வரும்போது வண்டி எப்படி சார் இருந்துச்சு?

பைக்காரனா? எந்தப் பைக்காரன்? ஓ, பின்னாடியே வந்து ஹார்ன் அடிச்சானா. நீங்களும் பெருந்தன்மையா ஒதுங்கி வழி விட்டீங்க. விட்டதும் பறந்து போகாம முன்னாடி போயி நடுரோட்டுல மாட்டு வண்டி மாதிரி உருட்டினானா. மலை முழுக்கவா? இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல விடலயா. சைடுல போக முயற்சி பண்ணா அந்தப் பக்கமே வந்து மறிச்சானா. கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினீங்களா, ஜன்னலத் திறந்தா? ஹெல்மெட் போட்டிருந்ததால அவன் காதுல விழுந்திருக்காதுன்னு நெனைக்கறீங்க. இருக்கலாம் சார். விழுந்திருந்தாலும் அவன் ஒன்னும் தப்பா எடுத்திருக்க மாட்டான். இல்ல, அவனுக்காகப் பேசல. சில பேரு அப்படி இருக்காங்க, என்ன பண்றது.

நான் வண்டியப் பத்திக் கேட்டேன். சத்தம் ஏதாவது வந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.

ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட இருக்கற வேகத்தடையிலயா. ஏறும்போதா இறங்கும்போதா? இறங்கும்போது. டொக்குன்னா, டங்குன்னா? டங்குன்னு. அதுக்கப்புறம் இங்க நிறுத்தறதுக்கு ஸ்டியரிங்க ஒடிச்சீங்களே, அப்ப? அப்பவும் வந்துச்சா. ஏதோ கம்பி முறுக்கி விட்ட மாதிரி. எந்தப் பக்கம் சார்? உங்க காலுக்கு நேரா இல்ல, அந்தப் பக்கம். இடது பக்கம்.

கடவுளே.

இல்ல சார், இருங்க, எழுந்திரிக்காதீங்க. சொல்றேன். பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். பொறுமையாக் கேளுங்க, ரெண்டே நிமிஷம். இது உங்களுக்குத் தெரிஞ்சாகணும்.

சக்கரத்துக்கு மேல ஒரு தூண் மாதிரி நிக்கும் சார், ஸ்ட்ரட்டுன்னு பேரு. அதச் சுத்தி ஸ்ப்ரிங் உக்காந்திருக்கும். ஸ்ப்ரிங் வண்டியத் தாங்கும். ஸ்ட்ரட்டுக்குள்ள ஒரு தண்டு இருக்கு, ஏறி இறங்கும், அதுதான் வண்டி குதிக்காம அடக்கறது. உங்க பையன மாதிரி ஆளுங்க வண்டியத் தாழ்த்தணும்னு வந்தா, ஸ்ப்ரிங்கக் குட்டையாப் போடணும். ஸ்ப்ரிங் குட்டைன்னா ஸ்ட்ரட்டும் அதுக்குத் தக்கன குட்டைத் தண்டா இருக்கணும். அது ஜோடி. ஒன்ன மட்டும் மாத்தக் கூடாது. பழைய நீளத் தண்டுல குட்டை ஸ்ப்ரிங்கப் போட்டா என்ன ஆகும்? வண்டி நிக்கும்போது ஒன்னும் ஆகாது. பாக்க லட்சணமா, தாழ்வா, பையன் கேட்ட மாதிரியே நிக்கும். ஆனா சக்கரம் தொங்கினா? ஒரு குழியில இறங்கும், ஒரு மேட்டத் தாண்டும், இல்ல ஜாக்கி போட்டுத் தூக்குவோம். அப்ப தண்டு முழு நீளத்துக்கும் இறங்கும். ஸ்ப்ரிங்குக்கு அவ்வளவு நீளம் கெடையாதே. நாலு சென்டிமீட்டர் பத்தாது. மேலயும் ஒட்டாது கீழயும் ஒட்டாது, நடுவுல லொடலொடன்னு ஆடும். பெல்ட் இல்லாத கால்சட்டை சார் அது. நின்னா நிக்கும். ஓடினா?

அப்படி ஆடறப்ப உக்காந்த தட்டுலேருந்து நழுவும். திரும்ப உக்காரும்போது டங்குன்னு ஒரு சத்தம். பத்து தடவை சரியா உக்காரும். பதினோராவது தடவை தட்டுக்கு வெளியில உக்காரும். வெளியில என்ன இருக்கு? டயர் இருக்கு.

நம்பலயா? வாங்க, குனிய வேணாம், நான் சொல்ற இடத்துல கைய விடுங்க. இடது டயரோட உள்பக்கம், மேல. இன்னும் உள்ள. விரல மெதுவா ஓட்டுங்க. கோடு மாதிரி தட்டுதா? கத்தியால கீறின மாதிரி? அது ஸ்ப்ரிங்கோட நுனி சார். இன்னிக்கு ஏறி வந்ததுல கீறினது. இறங்கும்போது வண்டியோட பாரமெல்லாம் முன்னாடி வந்து சாயும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் சாயும். பின் சீட்டுல உங்க பொண்ணு. அதுக்கு மேல நான் சொல்லல.

தண்ணி குடிங்க. இந்தாங்க, இது புது பாட்டில்தான்.

எந்த முட்டாப் பய மாட்டினான்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். நான் உங்க எடத்துல இருந்தா அவன் வீட்டு வாசல்ல போயி நிப்பேன். முட்டாளுன்னு சொல்ல முடியாது சார். முட்டாளா இருந்தாக்கூட மன்னிச்சிடலாம். அந்த மாதிரி வேலை எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும்னா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் கதையச் சொல்றேன். அவனும் மெக்கானிக்குதான். மச்சானோட சேர்ந்து பட்டறை வச்சிருக்கான். மச்சான்னா பொண்டாட்டிக்கு அண்ணன். பட்டறையில தும்மினா வீட்டுல இருந்தே அவ நல்லா இருங்கன்னு சொல்லுவா, அப்படி ஒரு உறவு.

ஆறு வருஷம் முன்னாடி அவன் ஒரு ஸ்ப்ரிங்க அமுக்கிக்கிட்டிருந்தான். அதுக்குன்னு கம்ப்ரெசர் இருக்கு, ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டித் திருகித் திருகி ஸ்ப்ரிங்கக் குட்டையாக்கி, அப்பறம்தான் மேல நட்டப் போடணும். அமுக்கின ஸ்ப்ரிங்கு கட்டிப் போட்ட வெறி நாய் சார், கயிறு அறுந்தா யாரு என்னன்னு பாக்காது. அன்னிக்குக் கொக்கி வழுக்கிடுச்சு. ஸ்ப்ரிங்கு அவன் காத உரசிக்கிட்டுப் போயி கூரைத் தகரத்தக் கிழிச்சுக்கிட்டு வெளியில போயிடுச்சு. பக்கத்து மனையில கெடந்துச்சு, மச்சான்தான் போயி எடுத்துட்டு வந்தான். சிரிச்சான். இவனும் சிரிச்சான். ஒரு விரல்கடை இந்தப் பக்கம் வந்திருந்தா தலை இருந்திருக்காது.

அந்த ஓட்டைய இன்னும் அடைக்கல. மழை வந்தா கீழ ஒரு வாளி வைப்பாங்க. வெயில்னா தினம் காலையில பத்து மணிக்கு அது வழியா ஒரு வெளிச்சம் வந்து தரையில விழும். தட்டு அளவுக்கு வட்டமா. அவன் அத மிதிக்க மாட்டான் சார். சுத்திப் போவான். யாருக்கும் தெரியாது.

அன்னியிலேருந்து அவனுக்கு ஸ்ப்ரிங்குன்னா பயம். ஸ்ப்ரிங்கப் பாத்துப் பயப்படற மெக்கானிக்கு! ஊசியப் பாத்து மயங்கி விழற டாக்டரு மாதிரி. வெளியில சொல்ல முடியுமா? மச்சான்கிட்ட சொன்னா சாயங்காலம் பொண்டாட்டிக்குத் தெரியும், அவ மொகத்துல அந்த இரக்கத்த எப்படிப் பாக்கறது? அதனால ஸ்ட்ரட் வேலை வந்தாப் போதும், அவனுக்கு சரியா அப்பத்தான் ஒன்னுக்கு வரும். போன் வரும். சாமான் வாங்கப் போகணும். மச்சான் அவனச் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டான். பயந்தாங்கொள்ளிங்கறதுக்கு சோம்பேறிங்கறது எவ்வளவோ மேல்னு இவனும் விட்டுட்டான். ஆறு வருஷம் ஓட்டிட்டான் சார், ஒரு ஸ்ப்ரிங்கையும் அமுக்காம.

பொண்ணு போன் பண்றாங்களா? எடுங்க, எடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லுங்க. டயர்ல காத்து இல்லன்னு சொல்லுங்க போதும், மத்ததெல்லாம் இப்ப வேணாம், பச்ச உடம்புக்காரி.

கீழ வர்றேன்னு சொல்றாங்களா. சரி. வரட்டும். வண்டியில மட்டும் ஏற வேணாம்.

எங்க விட்டேன்? ஆங். பன்னண்டு நாள் முன்னாடி அந்தப் பட்டறைக்கு ஒரே மாடல்ல ரெண்டு வண்டி வந்துச்சு. ஒன்னுக்குத் தாழ்த்தற வேலை, குட்டை ஸ்ப்ரிங்கு, குட்டைத் தண்டு ஸ்ட்ரட்டு. இன்னொன்னு ஒரு வாத்தியாரோட வண்டி, பழைய ஸ்ட்ரட்டு ஒழுகுது, கம்பெனி நீளத்துலயே புதுசு போடணும். குட்டை ஸ்ப்ரிங்கு தனியா வந்துச்சு, ஸ்ட்ரட்டு வந்த ரெண்டு பெட்டியும் ஒரே கலர், ஒரே அளவு. எது எதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனா மூடியிலதான் ஒட்டியிருக்கும். இவன் காலையில வந்ததும் பெரிய சுறுசுறுப்பா ரெண்டு பெட்டியையும் திறந்து மூடிய ஒன்னு மேல ஒன்னா வச்சான். சாமான் எல்லாம் வந்திருக்கான்னு பாத்தான். திரும்ப மூடினான். மூடி மாறிப் போச்சு. அவ்வளவுதான் சார் தப்பு. கொழந்த செய்யற தப்பு.

ஆனா அது கூடப் பரவால்ல. அதுக்கப்பறம் நடந்ததுதான்.

மச்சான் வாத்தியார் வண்டியப் பட்டறையோட அந்தக் கோடியில எடுத்துக்கிட்டான். அன்னிக்குன்னு பாத்து ரெண்டு வண்டியும் மதியம் போகணும், ஒன்னுக்கு, போன், சாமான் எதுவும் செல்லாது. தாழ்த்தற வண்டிய இவன்தான் செஞ்சாகணும். கம்ப்ரெசர எடுத்து வச்சான். கொக்கியத் துடைச்சான். திரும்பத் துடைச்சான். உள்ளங்கை வேர்த்து ஊத்துது. தன் கொழந்தைங்க மொகத்தையெல்லாம் நெனச்சுக்கிட்டான். சரி, எவ்வளவு அமுக்கணும்னு பாப்போமேன்னு ஸ்ப்ரிங்க ஸ்ட்ரட்டுல சும்மா சொருகி, மேல தட்ட வச்சு, நட்ட வச்சுப் பாத்தான். ஏறிடுச்சு சார். அமுக்காமலே. கையாலயே. ரெண்டு விரலாலத் திருகினா, தண்ணி பாட்டில் மூடி மாதிரி ஏறுது.

அந்த சந்தோஷத்த நான் எப்படிச் சொல்லுவேன்? தூக்குமேடையில நின்னவனுக்கு வீட்டுக்குப் போன்னு சொன்ன மாதிரி. குட்டை ஸ்ப்ரிங்குதான, அதான் ஈசியா ஏறுதுன்னு அவனே அவனுக்குச் சொல்லிக்கிட்டான். ரெண்டு பக்கமும் மாட்டினான். பாட்டு வேற பாடினான்.

அதே நேரத்துல அந்தக் கோடியிலேருந்து மச்சான் கத்தறான். என்னடா எழவு ஸ்ப்ரிங்கு இது, எவ்வளவு அமுக்கினாலும் நட்டு எட்ட மாட்டேங்குதுன்னு. கேட்டுச்சு சார். நல்லாக் கேட்டுச்சு. ஒரு பக்கம் அமுக்கவே வேணாங்குது, இன்னொரு பக்கம் எவ்வளவு அமுக்கினாலும் பத்தலங்குது. ஒரே மாடல் வண்டி. பத்து வருஷத் தொழில்காரனுக்கு அதுக்கு மேல என்ன சொல்லணும்? பாட்டு நின்னுடுச்சு. அவனுக்குத் தெரியும் சார். முழுசாத் தெரியாது, ஆனா ஏதோ சரியில்லன்னு தெரியும். கேட்டா என்ன ஆகும்? கழட்டணும். கழட்டி மாத்தினா, அமுக்கணும்.

கேக்கல.

அவன் கேக்கல சார். அங்க மச்சான் எப்படியோ நெருக்கி நட்ட ஏத்திட்டான், இங்க இவன் சாவியக் குடுத்து அனுப்பிட்டான். அந்தப் பையன் வண்டியச் சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்தான், அண்ணே செமயா இருக்கு அண்ணேன்னு கையப் புடிச்சுக் குலுக்கினான். அப்பவும் சொல்லல.

இன்னிக்குக் காலையில வாத்தியார் திரும்ப வந்துட்டாரு. ஒவ்வொரு குழியிலயும் டம்மு டம்முங்குதுன்னு. மச்சான் கழட்டினான், உள்ள குட்டைத் தண்டு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்ப நீளத் தண்டு எங்க இருக்கு? வேற எங்க இருக்கும். மச்சான் சொன்னான், வாய மூடிக்கிட்டு இரு, வண்டி சத்தம் போட்டா அவனே வருவான், அப்ப பாத்துக்கலாம்னு. அவனும் புள்ளகுட்டிக்காரன். இவன் போன் பண்ணிப் பாத்தான், ஸ்விட்ச் ஆஃப். வேலைச் சீட்டுல இருந்த விலாசத்துக்குப் போனான். போயி சேரவும் வண்டி தெரு முனையில திரும்பவும் சரியா இருந்துச்சு.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க.

அதோ லிஃப்ட்டு திறக்குது. அந்தப் பச்சைப் போர்வை சுத்தினதா? உங்க பொண்ணு ஜாடை உங்க ஜாடைதான். மெதுவா நடந்து வரட்டும். கேட்டுக்குள்ள ஒரு லாரி நுழையுது பாருங்க, அது காத்தடிக்க வரல, வண்டியத் தூக்கிட்டுப் போக வருது. ஓட்டறவன்தான் மச்சான். போன்ல அழுதேன், கெளம்பி வந்துட்டான். கேட்டுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு வாடகைக் கார் நிக்குதே, அது உங்களுக்கு. நீங்க உள்ள இருந்தப்பவே நானே கீழ படுத்து நாலு ஸ்ப்ரிங்கையும் பாத்துட்டேன், நல்லா உக்காந்திருக்கு. அந்த டிரைவர் என்னப் பைத்தியக்காரன்னு நெனச்சுட்டான்.

ரோட்டுலயே நிறுத்தி ஏன் சொல்லலன்னா, ரெண்டு தடவை கையத் தூக்கினேன். தூக்கினா நீங்க பட்டுன்னு பிரேக் அடிப்பீங்க, பிரேக் அடிச்சா முன்பக்கம் சாயும். பயம். அப்பவும் பயந்தான் சார். ஜன்னல் வழியா நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சு, ஹெல்மெட்டுக்குள்ள நல்லாவே கேட்டுச்சு. தோ, திண்டுக்குக் கீழ வச்சிருக்கேன் ஹெல்மெட்ட.

கைய நீட்டுங்க ஐயா. இந்தாங்க. டயர்ல காத்த அடைச்சு வைக்கற வால்வு பின்னு. ரெண்டு. உங்க டயரோடதுதான், இவ்வளவு நேரம் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

அடிக்கறதுன்னா அடிங்க, நகர மாட்டேன். சாவிய மட்டும் மொதல்ல குடுத்துடுங்க. நான்தான் கழட்டணும், மச்சான விட மாட்டேன். இந்தத் தடவை அமுக்கித்தான் மாட்டணும்.